ஹோம்பாய் சில்க்ஸ்கிரீன்ல பொங்கல் விழா டிசர்ட் அடிச்சோம், எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன்

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கிற நம்மாளுங்க யாராச்சும் சங்கத்துக்கோ கிரிக்கெட் டீமுக்கோ டிசர்ட் அடிக்கணும்னு இருந்தா, நெட்ல முதல்ல வர்ற கம்பெனிக்கு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இத ஒருக்கா படிச்சிருங்க. எங்க தமிழ்ச் சங்கத்து பொங்கல் விழாவுக்கு வாலன்டியர் டிசர்ட் அடிச்சது ஹோம்பாய் சில்க்ஸ்கிரீன் அண்ட் எம்பிராய்டரிலங்க. ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, அதோட ஒரு பிரிவு இது. அங்க ஸ்க்ரீன் புடிக்கறவங்க, மெஷின் ஓட்டறவங்கள்ல நெறைய பேரு முன்னாடி கேங்ல இருந்தவங்க, ஜெயிலுக்குப் போயிட்டு வெளிய வந்தவங்க. பிரிண்ட் அருமை, அத முதல்லயே சொல்லிடறேன், விலாவாரியாவும் எழுதறேன், ஆனா பிரிண்ட மட்டும் பேசிட்டுப் போனா இந்த எடத்தப் பத்தி ஒண்ணுமே சொன்ன மாதிரி இருக்காது.

நான் திருப்பூர்ல வளந்தவன். எங்க வீதில பாதி வீடு பனியன் கம்பெனி, மீதில பிரிண்டிங் பட்டறை, பள்ளிக்கூடம் லீவு விட்டா பசங்க எல்லாம் டேபிள்ல பீஸ் ஒட்டி எடுக்கப் போயிருவோம். அதனால டிசர்ட் கைக்கு வந்தா டிசைன் எல்லாம் அப்புறந்தான், மொதல்ல பிரிண்ட் இருக்கற எடத்த ரெண்டு கைலயும் புடிச்சு நல்லா இழுத்துப் பாப்பேன். க்யூரிங், அதாவது மைய சூட்டுல வேகவிடறது, சரியா ஆகலன்னா அங்கயே வெடிப்பு விட்டுரும், இல்லன்னா நாலு வாஷ்ல உரிஞ்சு வந்துரும். இவங்க குடுத்தது இழுத்தா துணியோட சேந்து வருது, விட்டா அப்படியே உக்காந்துக்குது. பொங்கல் முடிஞ்சு இத்தன மாசம் ஆச்சு, நம்ம வீட்டு வாஷிங் மெஷின், டிரையர்னு போட்டு அடிச்சும் மஞ்சள் கலர் மங்கல, ஓரம் தூக்கல.

எங்க டிசைன் கொஞ்சம் ரோதனையான டிசைன். மெரூன் கலர் துணி, மேல மஞ்சள்ல பொங்கப் பானை, ரெண்டு பக்கமும் கரும்பு, கீழ "பொங்கலோ பொங்கல்". கருத்த துணில மஞ்சள் அடிச்சா துணிக் கலர் உள்ள இருந்து தெரியும், அதுக்கு அடில ஒரு வெள்ளை கோட் போட்டு, சூடு காட்டி காயவச்சு, அதுக்கு மேல மஞ்சள் போடணும். ரெண்டு தடவ மை விழும்போது ஓரம் கொஞ்சம் பரவும். இங்கிலீஷ் எழுத்துக்கு அது பெருசா தெரியாது. நம்ம எழுத்துக்குத் தெரியும், 'பொ'வுல இருக்கற கொம்போட சுழி அடைஞ்சு வெறும் உருண்டையா ஆயிரும், 'ங்' மேல இருக்கற புள்ளி எழுத்தோட போய் ஒட்டிக்கும். இங்க வேற எடத்துல அடிச்ச தமிழ் டிசர்ட் எத்தனையோ பாத்திருக்கேன், தூரத்துல இருந்து பாத்தா என்ன எழுத்துன்னே தெரியாது, யாரும் கேக்கறதும் இல்ல, அடிக்கறவனுக்கு அது ஒரு படம் அவ்வளவுதான்.

இங்க சாம்பிள் அடிச்சிட்டு அவங்களே ஃபோன் பண்ணி வரச்சொன்னாங்க. கழுத்துல பாதி அழிஞ்ச டாட்டூவோட ஒருத்தர், நாப்பது வயசுக்கு மேல இருக்கும், சாம்பிள டேபிள்ல விரிச்சு வச்சு அந்த சுழிய விரலால தொட்டுக் காட்டி, இது உள்ள ஓட்டை இருக்கணுமா வேண்டாமா, உங்க ஃபைல்ல ஓட்டை இருக்கு இங்க அடைஞ்சுருச்சேன்னு கேக்கறார். தமிழ்ல ஒரு எழுத்து தெரியாத மனுஷன். அந்த ஓட்டை இல்லன்னா அது எழுத்தே இல்லைங்கன்னு சொன்னேன், உடனே அடி கோட்ட மஞ்சளவிட ஒரு மயிரிழை உள்ள தள்ளி வச்சு, கொம்ப கொஞ்சம் பெருசு பண்ணி, இன்னும் நெருக்கமான மெஷ்ல (ஸ்க்ரீன்ல இருக்கற வலைத்துணி) புது ஸ்க்ரீன் போட்டு ரெண்டாவது சாம்பிள் எடுத்தாங்க. அதுல எழுத்து நம்ம ஊர் சுவரெழுத்து மாதிரி திருத்தமா வந்துச்சு. திருப்பூர்ல நல்ல மாஸ்டர் செய்யற வேலை இது.

இப்ப அமைப்பப் பத்தி. கிரெக் பாயில்னு ஒரு ஜேசு சபை பாதிரியார், லாஸ் ஏஞ்சலஸ் (எல்.ஏ.) கிழக்குப் பக்கம் பாயில் ஹைட்ஸ் ஏரியால டொலோரஸ் மிஷன் சர்ச்சுக்கு வந்தவர், 1988ல ஆரம்பிச்சது. அப்ப அந்த ஏரியால சுத்திச்சுத்தி கேங், வாரத்துக்கு வாரம் சாவு, இவரே அடக்கம் பண்ணி அடக்கம் பண்ணி நொந்துபோய், இந்தப் பசங்களுக்கு வேலை குடுத்தா துப்பாக்கிய கீழ போடுவாங்கன்னு கம்பெனி கம்பெனியா கேட்டுப் பாத்தாரு, யாரும் பெருசா குடுக்கல. 1992ல எல்.ஏ.ல நடந்த கலவரத்துக்கு அப்புறம் நாமளே நடத்திருவோம்னு பேக்கரி போட்டாங்க. சில்க்ஸ்கிரீன் 1996ல வந்துச்சு. அப்புறம் எலக்ட்ரானிக்ஸ் ரீசைக்ளிங், பொண்ணுங்களுக்குன்னு ஹோம்கேர்ள் கஃபே, இப்படி வளந்து இன்னிக்கு சைனாடவுன் பக்கத்துல ப்ரூனோ ஸ்ட்ரீட்ல பெரிய கட்டடம். 2020ல ஹில்டன் மனிதநேய விருது, 2024ல பாயிலுக்கு அமெரிக்க அதிபர் கையால மெடல் ஆஃப் ஃப்ரீடம். நடுவுல 2010ல பணம் இல்லாம சுமார் 300 பேர வேலைய விட்டு நிறுத்த வேண்டி வந்த கதையும் இருக்கு. வியாபாரத்துல வர்ற காசு மட்டும் பத்தாது, நன்கொடையும் சேந்துதான் ஓடுது.

வர்றவங்களுக்கு 18 மாசம் சம்பளத்தோட வேலைப் பயிற்சி. கூடவே கவுன்சலிங், படிப்பு, கோர்ட் கேஸுக்கு வக்கீல் உதவி, அப்புறம் ஃப்ரீயா லேசர்ல டாட்டூ அழிக்கறது. சில்க்ஸ்கிரீன் பட்டறையோட விசேஷம் என்னன்னா, ஒருத்தர ஒருத்தர் சுட்டுக்கிட்ட கேங்குகள்ல இருந்து வந்தவங்க ஒரே மெஷின்ல பக்கத்துல பக்கத்துல நிக்கணும். ஒருத்தன் துணிய மாட்டுவான், அடுத்தவன் பிரிண்ட் இழுப்பான், இன்னொருத்தன் டிரையர் பெல்ட்ல போடுவான். மாட்டறவன் கோணலா மாட்டுனா அடிக்கறவன் பீஸும் வேஸ்ட்டு, ரெண்டு பேரும் பேசாம அந்த வேலைய ஓட்டவே முடியாது.

ஆனா டிசர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் என்ன சம்பந்தம், எதுக்கு இவ்வளவு நீளமா எழுதறேன்னு தோணும். இந்த ஊர்ல ரொம்ப சம்பந்தம் இருக்குங்க. 1943 ஜூன்ல இதே எல்.ஏ.ல கடற்படை சிப்பாய்ங்க கூட்டம் கூட்டமா டாக்ஸி புடிச்சு வந்து, ஜூட் சூட்னு தோள் அகலமா தொளதொளன்னு கோட்டு போட்டிருந்த மெக்சிகன் பசங்கள ரோட்டுல, தியேட்டர்ல, டிராம்ல இருந்தெல்லாம் இழுத்துப் போட்டு அடிச்சு துணிய அவுத்து விட்டாங்க. போலீஸ் புடிச்சுட்டுப் போனது அடிவாங்குனவங்கள. அடிச்சவன விட்டுட்டு அந்த டிரெஸ்ஸ தடை பண்ணணும்னு நகர சபை தீர்மானம் போட்டுச்சு. துணிதான் குத்தவாளி.

இது ஏதோ பழங்கதைன்னு விட்டுரலாம்னா அதுவும் முடியல. கலிஃபோர்னியால கால்கேங்னு ஒரு போலீஸ் டேட்டாபேஸ், கேங் ஆளுன்னு சந்தேகப்படறவங்க பேர ஏத்தி வைக்கறது. அதுல பேர் ஏறுறதுக்கு இருக்கற காரணங்கள்ல ஒண்ணு கேங் மாதிரி டிரெஸ் போட்டிருந்தான்ங்கறது, இன்னொண்ணு டாட்டூ. 2016ல மாநில ஆடிட்டர் அத தோண்டிப் பாத்தப்ப, பதிவுப்படி பேர் ஏறும்போது ஒரு வயசுகூட ஆகாத கைக்குழந்தைங்க 42 பேர் உள்ள இருந்தாங்க, அதுல 28 குழந்தைங்க தான் கேங் மெம்பர்னு தானே ஒத்துக்கிட்டதா எழுதி வச்சிருந்தாங்க. இப்படி ஒரு லிஸ்ட்ட வச்சுக்கிட்டுத்தான் ரோட்டுல போறவன் சட்டையப் பாத்து வண்டிய நிறுத்தறது.

உள்ள போனா அங்கயும் துணிதான். கலிஃபோர்னியா ஸ்டேட் ஜெயில்ல நீல சட்டை நீல பேண்ட், பேண்ட் கால்ல மேல இருந்து கீழ வரைக்கும் மஞ்சள் எழுத்துல 'சிடிசிஆர் ப்ரிசனர்'னு அடிச்சிருக்கும் (சிடிசிஆர்னா கலிஃபோர்னியா ஜெயில் துறை, ப்ரிசனர்னா கைதி). அந்தத் துணியத் தைக்கறதும் உள்ள இருக்கறவங்கதான். விடுதலை ஆகற அன்னிக்கு 200 டாலர் கைல குடுப்பாங்க, 1973ல முடிவு பண்ணுன தொகை அது, விலைவாசி எங்கயோ போயும் அங்கயே நிக்குது. அந்த 200லயும், வீட்டுல இருந்து யாரும் துணி அனுப்பி வைக்கலன்னா ஜெயில்ல குடுக்கற டிரெஸ்ஸுக்கு காசு கழிச்சுக்குவாங்க, பஸ் டிக்கெட்டுக்கும் கழிச்சுக்குவாங்க. அந்த டிரெஸ்ஸோட ஒரு ஆள் பஸ் ஸ்டாண்டுல நின்னா எங்க இருந்து வர்றான்னு பாக்கறவனுக்கு எல்லாம் தெரியும். தண்டனை முடிஞ்சு முதல் நாளே உடம்பு மேல ஒரு அடையாளத்த மாட்டி, அதுக்கு அவன்கிட்டயே காசும் வாங்கிக்கற ஏற்பாடு. இத நெனச்சா எனக்கு வயிறு எரியுது.

அதனாலதான் ஹோம்பாய் டிசர்ட்ட நான் சாதாரணமா பாக்கல. அந்தப் பேரப் பாருங்க, ஹோம்பாய்னா கேங் பேச்சுல நம்ம கூட்டத்துப் பையன்னு அர்த்தம், பாயில் ஹைட்ஸ்ல எந்தச் சொல்லக் கேட்டா கடைக்காரர் ஷட்டர இறக்குவாரோ அந்தச் சொல்ல எடுத்து கொட்ட எழுத்துல நெஞ்சுல அடிச்சு, அத ஆஸ்பத்திரி டாக்டரும் போடறாரு, ஸ்கூல் டீச்சரும் போடறாங்க, சாஃப்ட்வேர் வேலை பாக்கற நானும் போட்டுட்டு ரால்ஃப்ஸ் சூப்பர்மார்க்கெட்ல காய் வாங்கறேன். இப்ப அந்த டிசர்ட் போட்டவன் உள்ள போயிட்டு வந்தவனா, பேக்கரில ரொட்டி வாங்கப் போனவனான்னு எவன் சொல்லுவான்? அடையாளத்த அழிக்கறதுக்கு ஒரு வழி லேசர். இன்னொரு வழி, எல்லாரும் அத மாட்டிக்கறது. நெஞ்சுல ஹோம்பாய்னு பெருமையா போட்டு நடக்கறவர் பக்கத்துல நானும் அதே டிசர்ட்ல நின்னா, போலீஸ்காரரோ வேலை குடுக்கற மேனேஜரோ அந்தத் துணிய வச்சு ஒரு முடிவும் பண்ண முடியாது. பாவம் பாத்து பத்து டாலர் போட்டுட்டு வர்றதவிட இது எனக்குப் பெருசாத் தெரியுது.

உள்ள போகாத நாம அத போடலாமா, அவங்க வலிய நாம ஃபேஷன் ஆக்கறோமோன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஜெயில் கோடு போட்ட சட்டை, விலங்கு படம் போட்ட ஹூடின்னு ஹாலோவீனுக்கு விக்கறாங்களே, அத நான் தொடமாட்டேன், அதுல உள்ள இருந்தவனுக்கு ஒரு பைசாவும் இல்ல, மரியாதையும் இல்ல. இங்க டிசைன் அவங்களோடது, பேர் அவங்களோடது, அடிச்சது அவங்க கை, காசு அவங்க சம்பளத்துக்குப் போகுது. அவங்களே போடுங்கன்னு விக்கும்போது நாம தயங்கி நிக்கறது நமக்குள்ள இருக்கற கூச்சந்தானே.

கூச்சம்னு சொன்னதும் எங்க கமிட்டி மீட்டிங்தான் ஞாபகம் வருது. ஹோம்பாய்ல குடுக்கலாம்னு நான் சொன்ன உடனே ஒரே நிசப்தம். அப்புறம் ஒருத்தர், தம்பி சர்வீஸ் எல்லாம் நல்ல விஷயந்தான், ஆனா நம்ம ஃபோன் நம்பர், டெலிவரி அட்ரஸ் எல்லாம் அவங்க கைல போகுமேன்னாரு. இன்னொரு அக்கா, விழால குழந்தைங்க போடற துணிங்க, யார் யாரோ தொட்டதுன்னு இழுத்தாங்க. இவங்க யாரும் கெட்டவங்க இல்ல. ஊர்ல ஒருத்தர் வீட்டுல சாவுன்னா முத ஆளா நிக்கறவங்க. ஆனா களி தின்னுட்டு வந்தவன்னா ஒரு அடி தள்ளி நிக்கணும்ங்கறது நம்ம ரத்தத்துலயே ஊறிப்போச்சு.

எனக்கு அன்னிக்கு கோவம் வந்ததுக்கு காரணம் இருக்கு. திருப்பூர்ல நான் சின்னப்பையனா பீஸ் ஒட்டுன ஒரு பட்டறைல ஒரு அண்ணன் இருந்தாரு, கலர் கலக்கறதுல அவர மிஞ்ச ஆள் இல்ல, பார்ட்டி குடுத்த துணித்துண்டப் பாத்து கண்ணுலயே சேர்மானம் சொல்லுவாரு. ஏதோ நிலத்தகராறு அடிதடி கேஸ்ல கோயமுத்தூர் ஜெயில்ல விசாரணைக் கைதியா கெடந்துட்டு, கேஸே நிக்காம வெளிய வந்தவர். அது ஓனருக்குத் தெரிஞ்ச அன்னிக்கு மத்தியானம் சோறு சாப்பிட்டுட்டு இருந்தவர கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. தண்டனையே வாங்காத மனுஷன். 2022 கணக்குப்படி இந்தியா பூரா ஜெயில்ல இருந்த 5,73,220 பேர்ல 4,34,302 பேர் விசாரணைக் கைதிங்கதான், நாலுல மூணு பேருக்குத் தீர்ப்பே வரல. நம்மூர்ல உள்ள போயிட்டு வந்தவன்னு சொல்றமே, அதுல முக்காவாசிப் பேரு குத்தம் பண்ணுனாங்களான்னு கோர்ட்டே இன்னும் சொல்லல. இத அப்படியே கமிட்டில சொன்னேன். அந்த அக்கா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, சரி சாம்பிள் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னாங்க. சாம்பிள் வந்தப்ப கொம்புச் சுழியோட கதையக் கேட்டுட்டு அதிகமா பாராட்டுனது அவங்கதான், எங்க வீட்டுக் குழந்தைங்களே கொம்பு ஒழுங்கா போடமாட்டேங்குதுங்கன்னாங்க.

முடிஞ்சா ப்ரூனோ ஸ்ட்ரீட் கட்டடத்துக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க, யூனியன் ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரந்தான், வார நாள்ல காலைல போனா நல்லது. அங்க பயிற்சில இருக்கறவங்களே உங்களச் சுத்திக் காட்டுவாங்க. எங்களுக்குக் காட்டுன தம்பிக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும், நெத்தில ஒரு டாட்டூ பாதி மங்கி வெளிர் சாம்பல் கலர்ல இருந்துச்சு, அத மறைக்க தொப்பி எதுவும் போடல. பல தடவ வந்து லேசர் வாங்கணும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல தோல் ஆறணும், மாசக்கணக்கா ஆகும். அந்த மாசமெல்லாம் பாதி அழிஞ்ச நெத்தியோடதான் பஸ்ல போகணும், கோர்ட்டுக்குப் போகணும், புள்ளய ஸ்கூல்ல விடணும். அவர் போட்டிருந்த டிசர்ட்ல 'ஜாப்ஸ் நாட் ஜெயில்ஸ்'னு (ஜெயில் வேண்டாம், வேலை வேணும்) இருந்துச்சு. பேசறவங்க கண்ணு நெத்திக்குப் போயிட்டு உடனே டிசர்ட்டுக்கு வந்துருது, வந்ததும் என்ன கேக்கணும்னு தெரிஞ்சுருது, நானும் அப்படித்தான் டிசர்ட்ல இருந்து பேச்ச ஆரம்பிச்சேன், பத்து நிமிஷத்துல மெஷ், மைன்னு தொழில் பேச்சுக்குப் போயிட்டோம்.

கஃபேல சாப்பாடு நல்லா இருக்கும், பேக்கரி கவுன்டர்ல மெக்சிகன் இனிப்பு பன் கோஞ்சா கிடைக்கும், குழந்தைங்களுக்குப் புடிக்கும், வெஜ் மட்டும் சாப்பிடறவங்க ஆர்டர் குடுக்கும்போதே சொல்லிருங்க. அங்கயே டிசர்ட், ஹூடி, தொப்பி எல்லாம் விக்கறாங்க, ஆன்லைன்லயும் வாங்கலாம். டார்கெட் மாதிரி பெரிய கடைல எடுக்கற டிசர்ட் விலைக்கு இது வராது, ஆனா துணி கனமா இருக்கு, கழுத்து ரிப் தொளதொளன்னு ஆகல, தோள்ல டேப் வச்சுத் தச்சிருக்கு, குடுத்த காசுக்கு நியாயம்னு தைரியமா சொல்லுவேன்.

டிசர்ட் ஒண்ணு எல்லாத்தையும் மாத்திரும்னு சொல்ல வரல. கலிஃபோர்னியால 2018ல இருந்து சட்டம் இருக்கு, அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற கம்பெனிங்க, வேலை தர்றோம்னு சொல்றதுக்கு முன்னாடி தண்டனை விவரம் கேக்கக்கூடாது. சட்டம் இருந்தும் வாடகைக்கு வீடு தேடும்போது, வேலைக்கு இன்டர்வியூ போகும்போது என்ன நடக்குதுன்னு அந்தத் தம்பி சொன்னத எல்லாம் இங்க எழுத முடியாது. அவருக்குத் தேவை 18 மாசம் முடிஞ்சதும் வெளிய ஒரு வேலை. நம்மாளுங்க இங்க ரெஸ்டாரண்ட் வச்சிருக்கீங்க, வேர்ஹவுஸ் வச்சிருக்கீங்க, மோட்டல் வச்சிருக்கீங்க, ஆள் வேணும்னு வாட்ஸ்அப் குரூப்ல தினம் மெசேஜ் வருது. டிசர்ட் ஆர்டர் குடுக்கப் போகும்போது ஆள் எடுக்கறதப் பத்தியும் ஒரு வார்த்தை கேளுங்க.

ஆர்டர் குடுக்கறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். தமிழ் எழுத்து இருந்தா ஃபான்ட்ட அவுட்லைன் ஆக்கின வெக்டர் ஃபைலா (எவ்வளவு பெருசு பண்ணுனாலும் ஓரம் உடையாத ஃபைல்) குடுங்க, வாட்ஸ்அப்ல வந்த ஜேபெக்க குடுத்துட்டு எழுத்து சரியில்லன்னு சொல்லாதீங்க. சாம்பிள் பாத்துட்டுத்தான் மொத்தம் அடிக்கச் சொல்லுங்க, தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் நேர்ல போய் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் பாத்துட்டு ஓகே சொல்லுங்க, அவங்க கேட்டா பொறுமையா எழுதிக் காட்டுங்க. விழாவுக்கு ஒரு மாசத்துக்கு முன்னாடியே குடுத்துட்டா நிம்மதி. நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு அமெரிக்க சைஸ் ஒரு சைஸ் பெருசாத்தான் இருக்கும், சைஸ் லிஸ்ட் எடுக்கும்போது அதையும் பாத்துக்கங்க.